சிவகாசி திருவிழாவில் கேட்கிற உறுமி, உலக ஹிட் ஆல்பத்துக்குள் போனது எப்படி? எம்.ஐ.ஏ.வின் ‘கலா’ உருவான கதை

பங்குனி, சித்திரை வந்துட்டா சிவகாசி, விருதுநகர், சாத்தூர் பக்கம் தெருவுக்குத் தெரு மேளச் சத்தம்தான். அந்த மேளத்துக்கு நடுவில் ஒரு சத்தம் மட்டும் தனியாகத் தெரியும். அடிக்கிற சத்தம் மாதிரி இருக்காது. ஏதோ ஒரு மிருகம் அடித்தொண்டையில் உறுமுகிற மாதிரி இருக்கும். அதுதான் உறுமி.

இந்த உறுமிச் சத்தம் 2007ஆம் ஆண்டு லண்டன், நியூயார்க் கிளப்புகளின் ஸ்பீக்கர்களில் அதிர்ந்தது. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஓர் ஈழத்துப் பெண். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்த மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம். அவருடைய இரண்டாவது ஆல்பத்தின் பெயர் ‘கலா’. ரஜினி நடித்த ‘காலா’வோடு குழப்பிக்க வேண்டாம். அது 2018இல் வந்த படம். இது அதற்கு 11 வருஷம் முன்னாடி வந்த பாட்டு ஆல்பம். எம்.ஐ.ஏ.வின் அம்மா பெயர்தான் கலா.

கம்ப்யூட்டரில் உருவான ஓர் ஆல்பத்துக்குள் நம்ம ஊர் தோல் கருவி எப்படிப் போனது? எந்தப் பாட்டில் எந்தத் தமிழ்ப் பாட்டு ஒளிந்திருக்கிறது? இப்படிப் பதிவாகும் இசையில் மேளம் வாசித்தவருக்கு என்ன உரிமை இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

• ஆல்பம்: கலா. வெளியானது 2007 ஆகஸ்ட்.
• கலைஞர்: எம்.ஐ.ஏ. முக்கியக் கூட்டுத் தயாரிப்பாளர்: ‘ஸ்விட்ச்’ என்ற பெயரில் இயங்கும் பிரிட்டன் இசைக்கலைஞர் டேவ் டெய்லர்.
• வகை: எலக்ட்ரானிக், ஹிப் ஹாப், நடன இசை. அமெரிக்காவின் பில்போர்டு நடனம் மற்றும் எலக்ட்ரானிக் ஆல்பப் பட்டியலில் முதல் இடம். பில்போர்டு 200 பொதுப் பட்டியலில் 18ஆம் இடம்.
• தமிழ்நாட்டுத் தொடர்பு: சென்னையில் ஒலிப்பதிவு, உறுமி மேளம், தமிழ்த் திரைப்பாடல்களின் துண்டுகள்.
• பெரிய ஹிட்: ‘பேப்பர் பிளேன்ஸ்’.

யார் இந்த எம்.ஐ.ஏ.?

1975ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. அப்பா அருள்பிரகாசம், ‘அருளர்’ என்ற பெயரில் ஈரோஸ் இயக்கத்தில் செயல்பட்டவர். பிள்ளைகள் பெரும்பாலும் அம்மா கையில்தான் வளர்ந்தார்கள். இலங்கையில் நிலைமை மோசமானதும் குடும்பம் சென்னைக்கு வந்தது, பிறகு மறுபடி யாழ்ப்பாணம் போனது. கடைசியில் 1980களின் நடுவில் அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே தையல் வேலை செய்து குடும்பத்தை நடத்தினார்.

மாயா லண்டனில் உள்ள சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் சினிமா படித்தார். பாடகியாக வேண்டும் என்று ஆரம்பத்தில் திட்டம் எதுவும் இல்லை. ‘எலாஸ்டிகா’ என்ற ராக் குழுவின் சுற்றுப்பயணத்தை வீடியோ எடுக்கப் போன இடத்தில், ‘பீச்சஸ்’ என்ற கனடா பாடகி ரோலண்ட் எம்சி 505 என்ற கருவியை அவருக்குக் காட்டினார். தாளம், பேஸ், ராகத் துணுக்குகளை ஒரே பெட்டியில் அடுக்கி வாசிக்க உதவும் மெஷின் அது. அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

முதல் ஆல்பம் அப்பா பெயரில், இரண்டாவது அம்மா பெயரில்

2005இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயர் ‘அருளர்’. பெரும்பாலும் அந்த எம்சி 505 மெஷினை வைத்தே பாடல்களின் எலும்புக்கூடு தயாரானது. பிரிட்டனின் மெர்க்குரி விருதுக்கான இறுதிப் பட்டியலில் அந்த ஆல்பம் இடம்பிடித்தது.

இசை உலகில் ‘இரண்டாவது ஆல்பம்’ என்றாலே எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. முதல் ஆல்பத்துக்கு ஒருவரின் மொத்த வாழ்க்கை அனுபவமும் கச்சாப்பொருளாக இருக்கும். இரண்டாவதுக்கு ஒன்றிரண்டு வருஷம்தான் கிடைக்கும். முதல் ஆல்பம் மாதிரியே செய்தால் ‘அதேதான்’ என்பார்கள். மாற்றிச் செய்தால் ‘பழைய மாதிரி இல்ல’ என்பார்கள்.

எம்.ஐ.ஏ.வின் ஆரம்பத் திட்டம் சுலபமானது. அமெரிக்காவுக்குப் போய், அப்போது அங்கே உச்சத்தில் இருந்த தயாரிப்பாளர் டிம்பலாண்டுடன் உட்கார்ந்து ஆல்பத்தை முடிப்பது. பெரிய பெயர், பெரிய ஸ்டுடியோ. ஹிட் ஆவதற்கான வழக்கமான பாதை.

விசா கிடைக்கவில்லை. அப்புறம்?

2006இல் அமெரிக்க விசா பிரச்சினையானது. நீண்ட நாள் தங்கி வேலை செய்ய அவரால் அங்கே நுழைய முடியவில்லை. திட்டம் மொத்தமும் கவிழ்ந்தது.

லண்டனில் காத்துக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, போக முடிந்த நாடுகளுக்கெல்லாம் போனார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று பட்டியல் நீண்டது. ஒரு லேப்டாப், ஒரு மைக், கூடவே ஸ்விட்ச். போன இடத்தில் கேட்ட சத்தம், சந்தித்த ஆட்கள், தெருவில் நடந்தது எல்லாம் ஆல்பத்துக்குள் வந்தது. டிம்பலாண்டின் பங்கு கடைசியில் ‘கம் அரவுண்ட்’ என்ற ஒரே பாட்டோடு நின்றது.

அமெரிக்கக் கதவு அப்போது திறந்திருந்தால் ‘கலா’ வேறொரு ஆல்பமாக இருந்திருக்கும். உறுமி அதற்குள் வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

உறுமி என்றால் என்ன? சிவகாசிக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு...

நடுவில் இடுப்பு ஒடுங்கி, இரண்டு பக்கமும் தோல் கட்டிய மரக் கருவி. தோளில் மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள். ஒரு பக்கத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். இன்னொரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். இந்தத் தேய்ப்பில்தான் விஷயமே இருக்கிறது. குச்சி தோலில் உரசும்போது சத்தம் தாழ்விலிருந்து மேலே ஏறி, மறுபடி வழுக்கி இறங்கும். அந்த உறுமல்தான் பெயருக்கும் காரணம்.

நையாண்டி மேளத்தில் நாதஸ்வரம், தவில், பம்பையோடு உறுமியும் சேரும். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல், சிவகாசி பத்ரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கல், இருக்கன்குடி மாரியம்மன் கோயில் ஆடிக் கடைசி வெள்ளி என்று இந்தப் பகுதியின் பெரிய திருவிழாக்களில் தீச்சட்டி, முளைப்பாரி ஊர்வலங்களுக்கு முன்னால் மேளம் போகும். சாமி வந்து ஆடுவோருக்கு உறுமிதான் தூண்டுகோல். தேவராட்டத்துக்கு வாசிக்கும் தேவதுந்துமியும் உறுமி வகையைச் சேர்ந்ததே. கடல் தாண்டிப் போன தமிழர்கள் இதையும் கொண்டுபோனார்கள். மலேசியாவில் தைப்பூசம் என்றால் உறுமி மேளக் குழுக்கள்தான் முதலில் நினைவுக்கு வரும்.

எலக்ட்ரானிக் இசைக்காரர்களுக்கு இந்தக் கருவி ஏன் பிடிக்கும்? நடன இசையின் உயிர் பேஸ் சத்தத்தில் இருக்கிறது. அந்தப் பேஸ் ஒரே சுருதியில் நிற்காமல் வளைந்து, சறுக்கி வர வேண்டும் என்பதற்காகத்தான் சின்தசைசரில் குமிழைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். உறுமிக்காரர் அதே வளைவை ஒரு குச்சியால் செய்துவிடுகிறார். மின்சாரமே தேவையில்லை.

சென்னையில் என்ன நடந்தது?

எம்.ஐ.ஏ.வும் ஸ்விட்சும் தமிழ்நாட்டுக்கு வந்து மேளக் கலைஞர்களைக் கொண்டு உறுமியை நேரடியாகப் பதிவு செய்தார்கள். சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானின் ஸ்டுடியோவிலும் வேலை நடந்தது. அப்போது கிடைத்த தாளங்கள்தான் ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ ஆகிய பாடல்களின் முதுகெலும்பு.

கேட்க எளிதாக இருந்தாலும், மேளத்தை எலக்ட்ரானிக் பாட்டுக்குள் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலை இல்லை. காரணம் இதுதான்.

கம்ப்யூட்டரில் இசை அமைக்கும்போது நேரத்தை ஒரே அளவுக் கட்டங்களாகப் பிரித்துவிடுவார்கள். நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று கணக்கு. ஒவ்வொரு தட்டும் அதன் கட்டத்தில் சரியாக விழ வேண்டும். தெருவில் வாசிக்கும் குழு அப்படி இயங்காது. கூட்டம் சூடு பிடித்தால் மேளம் வேகமெடுக்கும். சாமியாடி நின்றால் மேளமும் இறங்கும். ஒருவரை ஒருவர் பார்த்து, கண் ஜாடையில் தாளத்தை மாற்றுவார்கள். அந்த ஏற்ற இறக்கத்தைக் கட்டத்துக்குள் அடைத்தால் உயிர் போய்விடும். அடைக்காமல் விட்டால் மற்ற எலக்ட்ரானிக் சத்தங்களோடு சேராது.

பொதுவாக இதற்கு மூன்று வழிகள் உண்டு.

1. வாசிப்பவர் காதில் ஹெட்போன் மாட்டி, ‘டிக் டிக்’ என்று ஒரே வேகத்தில் தட்டும் சத்தத்தைக் கேட்டபடி வாசிக்கச் செய்வது.
2. சுதந்திரமாக வாசிக்கவிட்டு, நன்றாக வந்த சில நொடிகளை மட்டும் வெட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிடுவது. இதற்குப் பெயர் லூப்.
3. முழு வாசிப்பையும் வைத்துக்கொண்டு, எலக்ட்ரானிக் சத்தங்களை அதற்கேற்ப நகர்த்துவது. வேலை அதிகம்.

‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டைக் கேட்டால் ஒன்று புரியும். மேளம் பின்னணியில் அலங்காரமாக நிற்கவில்லை. மேளம்தான் பாட்டு. அதன்மேல் கோழி, பறவை கத்துகிற சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் ஏறுகின்றன. பாடகியின் குரல்கூட மேளத்தோடு மல்லுக்கட்டித்தான் வெளியே வருகிறது. 2006 கடைசியில் இந்தப் பாட்டு முதலில் இணையத்தில் வெளியானபோது, ரேடியோவுக்கான பாட்டு இது இல்லை என்பது கேட்ட உடனே தெரிந்தது. ஆல்பம் எந்தத் திசையில் போகப்போகிறது என்பதற்கு அதுவே முன்னோட்டம்.

எந்தப் பாட்டில் எது ஒளிந்திருக்கு?

ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

• பேம்பூ பாங்கா: ஆல்பத்தின் முதல் பாட்டு. இதில் வருவது 1991ஆம் ஆண்டு ‘தளபதி’ படத்துக்கு இளையராஜா இசையமைத்த ‘காட்டுக்குயிலு’ பாட்டின் துண்டு. அமெரிக்கப் பாடகர் ஜொனாதன் ரிச்மனின் ‘ரோட்ரன்னர்’ பாட்டின் சாயலும் இதில் சேர்ந்திருக்கிறது.

• பேர்ட் ஃப்ளூ: நேரடியாகப் பதிவு செய்த உறுமியோடு, 2003இல் வந்த ‘ஜெயம்’ படத்தின் திருவிழாப் பாட்டிலிருந்து ஒரு துண்டு. அதன் இசையமைப்பாளர் ஆர்.பி.பட்நாயக்.

• பாய்ஸ்: உறுமித் தாளமும் டிரினிடாட்டின் சோகா இசை வேகமும் கலந்தது. வீடியோ எடுக்கப்பட்டது ஜமைக்காவில்.

• ஜிம்மி: 1982ஆம் ஆண்டு ‘டிஸ்கோ டான்சர்’ இந்திப் படத்தில் பப்பி லஹிரி இசையில் வந்த ‘ஜிம்மி ஜிம்மி’ பாட்டின் மறுவடிவம். மாயா சின்ன வயதில் விருந்துகளில் ஆடிய பாட்டு இது.

• ஹஸ்ஸல்: படகை இழுக்கும் கேரள மீனவர்களின் குரல் இதில் வருகிறது. கூடப் பாடுவது ‘ஆப்பிரிக்கன் பாய்’ என்ற லண்டன் நைஜீரிய இளைஞர்.

• மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்: ஆஸ்திரேலியாவின் வில்கேனியா ஊரைச் சேர்ந்த பழங்குடிச் சிறுவர்கள் குழு பாடியது. அவர்கள் ஊரின் டிஜெரிடூ ஊதுகுழலும் இதில் ஒலிக்கிறது.

• பேப்பர் பிளேன்ஸ்: ‘தி கிளாஷ்’ என்ற பிரிட்டன் குழு 1982இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ பாட்டின் கிட்டார் துண்டு, துப்பாக்கிச் சத்தம், கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம்.

விசா கோபத்தில் பிறந்த ஹிட்

‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டின் கதை தனி. டிப்லோ, ஸ்விட்ச் இருவரும் தயாரிப்பில் இருந்தார்கள். விசா அலுவலகத்தில் நிற்கிற வெளிநாட்டவரைப் பார்த்தாலே ‘இவர் பணம் பிடுங்க வந்தவர், ஆபத்தானவர்’ என்று நினைக்கும் பார்வையைக் கிண்டல் செய்யும் பாட்டு இது. கோரஸ் பாடியவர்கள் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதிப் பிள்ளைகள்.

துப்பாக்கிச் சத்தம் சர்ச்சையானது. 2007 செப்டம்பரில் டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியில் பாடியபோது அந்தச் சத்தம் மாற்றப்பட்டது. எம்டிவி ஒளிபரப்பிலும் அமுக்கப்பட்டது. எம்.ஐ.ஏ. இதை வெளிப்படையாகவே எதிர்த்தார்.

ஆல்பம் வந்து ஒரு வருஷம் கழித்துத்தான் பாட்டு வெடித்தது. ‘பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்’ பட டிரெய்லரில் வந்தது. 2008இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4ஆம் இடத்தைத் தொட்டது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் ஒலித்தது. அதே படத்துக்காக ரஹ்மானுடன் சேர்ந்து செய்த ‘ஓ சாயா’ பாட்டு ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. 2009 கிராமி விருதில் ‘பேப்பர் பிளேன்ஸ்’ ஆண்டின் சிறந்த பதிவுக்கான பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. அந்த மேடையில் நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து பாடினார் எம்.ஐ.ஏ.

‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2007இன் சிறந்த ஆல்பமாக ‘கலா’வைத் தேர்ந்தெடுத்தது. எந்த நாடு உள்ளே விடத் தயங்கியதோ, அதே நாட்டின் இசை இதழ் கொடுத்த இடம் இது.

சரி, இது பகிர்வா, எடுத்துக்கொள்வதா?

‘கலா’ பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும். பெரிய நிறுவனத்தின் ஆதரவுள்ள ஒரு கலைஞர், ஊர் ஊராகப் போய் அங்கிருக்கும் சத்தங்களைப் பதிவு செய்து, தன் பெயரில் ஆல்பம் போடுவது சரியா?

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. வேற்றுக் கலைஞர் ஒருவர் சுற்றுலாப் பயணி மாதிரி வந்து எடுத்துப்போன கதை இல்லை இது. உறுமியும் இளையராஜாவும் அவர் வளர்ந்த வீட்டுச் சத்தங்கள். வில்கேனியா சிறுவர்கள், ஆப்பிரிக்கன் பாய் போன்றவர்களின் பெயர் பாட்டின் தலைப்போடு சேர்த்தே போடப்பட்டது. ஆனால் ஆல்பத்தின் வெற்றி என்று வரும்போது உலகம் சொல்வது ஒரே ஒரு பெயரைத்தான். எந்தத் தோலில் எந்தக் கை தேய்த்தது என்று ரசிகர் கேட்பதில்லை.

நம்ம ஊரிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலக ஹிட் ஆன பிறகு, ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டைப்படத்தில் பாட்டை எழுதிப் பாடிய அறிவு இடம்பெறவில்லை. இயக்குநர் பா.இரஞ்சித் உட்படப் பலர் அதைக் கேள்வி கேட்டார்கள். அறிவு மாதிரி தெரிந்த முகத்துக்கே இந்த நிலை என்றால், கூட்டத்தில் ஒருவராக மேளம் அடிப்பவர் நிலை என்ன?

ஒரு பாட்டில் எத்தனை உரிமை?

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பதிவான ஒரு பாட்டுக்குள் வேறு வேறு உரிமைகள் இருக்கின்றன.

முதலாவது, மெட்டும் வரியும். இது இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உரியது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் ‘தி கிளாஷ்’ குழுவின் நான்கு பேர் பெயரும் இருப்பதற்குக் காரணம் இதுதான். அவர்கள் ஸ்டுடியோவுக்கு வரவில்லை, புதிதாக எதையும் வாசிக்கவில்லை. அவர்கள் மெட்டின் துண்டு உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது, ஒலிப்பதிவு. பதிவு செய்து தயாரித்தவருக்கு, பெரும்பாலும் இசை நிறுவனத்துக்கு உரியது. இந்தியாவில் இதன் காலம் 60 ஆண்டுகள்.

மூன்றாவது, வாசித்தவர் உரிமை. பாடியவர், வாசித்தவர், ஆடியவர் ஆகியோருக்கு உரியது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இது 1994 திருத்தத்தின் மூலம் வந்தது. இப்போது 50 ஆண்டுகள் செல்லும்.

உறுமி மாதிரிக் கருவிகளில் சிக்கல் முதல் உரிமையில் வருகிறது. திருவிழாவில் வாசிக்கும் பாரம்பரிய அடியை யார் இயற்றினார் என்று சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாக வருவது. அதனால் அதற்கு இசையமைப்பாளர் என்று யாரும் உரிமை கோர முடியாது. ‘நாட்டுப்புறத் தாளம்தானே, யார் வேணா எடுத்துக்கலாம்’ என்று பலர் நினைப்பது இதனால்தான்.

அங்கேதான் தப்பு நடக்கிறது. தாளம் பொதுச்சொத்தாக இருக்கலாம். ஆனால் ஒரு நாள், ஓர் இடத்தில், ஒரு கலைஞர் தன் கையால் வாசித்த வாசிப்பு அவருடையது. அதைப் பதிவு செய்து வணிகத்துக்குப் பயன்படுத்த அவர் சம்மதம் வேண்டும்.

2012இல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. வணிகப் பயன்பாட்டில் வாசித்தவருக்கு ராயல்டி பெறும் உரிமையையும், தன் பெயரைக் குறிப்பிடச் சொல்லும் உரிமையையும், தன் புகழுக்குக் கேடு வரும் வகையில் வாசிப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையையும் சட்டத்தில் சேர்த்தது. ‘கலா’வுக்கான உறுமிப் பதிவு நடந்த 2006இல் இந்த விதிகள் இந்தியச் சட்டத்தில் இல்லை.

உங்க ஊர் மேளத்தை யாராவது பதிவு செய்தால்?

இன்று இதற்கு லண்டனிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. திருவிழாவில் நிற்கும் ஒவ்வொருவர் கையிலும் ரெக்கார்டிங் ஸ்டுடியோ இருக்கிறது. மேளச் சத்தத்தை வெட்டி, பீட் சேர்த்து, ரீல்ஸில் போட ஒரு மணி நேரம் போதும்.

*செல்போனில் வீடியோ எடுப்பது தப்பா?*
சொந்த உபயோகத்துக்கு எடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. நேர்மையான கற்பித்தல், ஆராய்ச்சி, செய்திக்காகச் சிறு பகுதி பயன்படுத்துவது ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. அந்தப் பதிவை வைத்துப் பாட்டு, விளம்பரம், படம் என்று காசு பார்க்கும்போது சம்மதம் தேவை.

*ஸ்டுடியோவில் ஒருமுறை கூலி வாங்கிட்டோம். அதோட முடிஞ்சதா?*
சம்பளம் வேறு, ராயல்டி வேறு. எந்தெந்தப் பயன்பாட்டுக்குச் சம்மதம் கொடுத்தீர்கள் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். புரியாத மொழியில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்கலாம்.

*எதை எழுதி வாங்கணும்?*
பதிவு நடந்த தேதி, இடம். வாசித்த எல்லோருடைய பெயர். எதற்காகப் பதிவு, எங்கெல்லாம் வெளியாகும். எவ்வளவு பணம், பிறகு பங்கு உண்டா. பெயர் எப்படிப் போடப்படும். பத்திரத்தாளில் எழுத முடியாவிட்டாலும், குறைந்தபட்சம் வாட்ஸ்அப் மெசேஜாக இந்த விவரங்களை வாங்கி வைத்துக்கொள்வது பின்னாடி பேச உதவும். பதிவின் ஒரு காப்பியையும் கேட்டு வாங்குங்கள்.

*குழுவாக வாசித்தால் யாருக்கு உரிமை?*
வாசித்த ஒவ்வொருவருக்கும். குழுத் தலைவர் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போடுவது வழக்கமாக இருந்தாலும், உறுப்பினர் பெயர்களையும் சேர்த்து எழுதுவது எல்லோருக்கும் பாதுகாப்பு.

*அரசு தரப்பில் என்ன இருக்கு?*
தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்தவர்கள் நலத்திட்ட உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். கலை பண்பாட்டுத் துறை இதைக் கவனிக்கிறது. இவர் இத்தனை காலமாக இந்தக் கலையில் இருக்கிறார் என்று காட்ட வாரிய அட்டை ஓர் ஆவணமாகவும் பயன்படும்.

‘கலா’ எதை மாற்றியது?

எலக்ட்ரானிக் இசை என்றாலே மெஷின் சத்தம் என்ற எண்ணத்தை இந்த ஆல்பம் அசைத்தது. மெஷின் உள்ளே இருந்தது உண்மை. ஆனால் மெஷினுக்குள் போனது உறுமிக்காரரின் கை, மீனவரின் மூச்சு, பிரிக்ஸ்டன் பிள்ளைகளின் குரல். ஆல்பம் அட்டையும் அப்படித்தான். கண்ணைப் பறிக்கும் நிறங்கள், அடுக்கடுக்கான வடிவங்கள், திரும்பத் திரும்ப வரும் எழுத்துகள். சிவகாசிப் பட்டாசு டப்பா லேபிள் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த அட்டை அந்நியமாகத் தெரியாது.

அதற்கடுத்த ஆண்டுகளில் தமிழ் சுயாதீன இசையில் பறை, உறுமி, ஒப்பாரி, கானா எல்லாம் எலக்ட்ரானிக் பீட்டோடு சேர்வது சாதாரணமாகிவிட்டது. இன்று விருதுநகர் பக்கத்து இளைஞர் ஒருவர் லேப்டாப்பில் உறுமி லூப் போட்டுப் பாட்டு செய்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

அந்தக் கலா என்ன ஆனார்?

2019இல் எம்.ஐ.ஏ.வுக்கு பிரிட்டன் அரசின் எம்பிஇ விருது அறிவிக்கப்பட்டது. விருதை ஏற்றுக்கொண்டபோது அவர் சொன்ன காரணம் பலருக்குத் தெரியாது. அகதியாக லண்டன் வந்த அவர் அம்மா கலா பல ஆண்டுகளாகச் செய்த வேலை, இதே மாதிரி அரசப் பதக்கங்களின் ரிப்பனைக் கையால் தைப்பது. யார் யாரோ நெஞ்சில் குத்திக்கொண்ட பதக்கங்களில் அவர் தையல் இருந்தது. தைத்தவர் பெயர் எந்தப் பதக்கத்திலும் இல்லை. அம்மாவைக் கௌரவிக்கும் விதமாகவே இந்த விருதை ஏற்பதாகச் சொன்னார் மகள். 2020 ஜனவரியில் இளவரசர் வில்லியம் கையால் அந்தப் பதக்கத்தை வாங்கினார்.

அந்த அம்மாவின் பெயர் ஓர் ஆல்பத்தின் அட்டையில் நின்றுவிட்டது. அடுத்த பங்குனிப் பொங்கலுக்கு உறுமிச் சத்தத்தைப் பதிவு செய்து ரீல்ஸ் போடுகிறவர்கள், வாசித்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, பெயரையும் கேப்ஷனில் சேர்த்துவிடலாம். அதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.